ஒரே எண், இரண்டு மொழிகள்: பொது மாறிலிகளின் வரலாறு

நிரலில் மாறாமல் நிற்கும் மதிப்புக்கு மாறிலி என்று பெயர். நினைவகப் பக்கத்தின் அளவு 4096 பைட், மின்னஞ்சல் சேவையின் போர்ட் எண் 25, 'கோப்பு இல்லை' என்ற பிழைக்கு யூனிக்ஸில் 2 என்பவை அத்தகைய எண்கள். முழு நிரலும் ஒரே மொழியில் இருந்தால் எண்ணை ஓரிடத்தில் பெயரோடு அறிவித்துவிட்டு மற்ற இடங்களில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். நிரலின் ஒரு பகுதி ஒரு மொழியிலும் மறுபகுதி வேறு மொழியிலும் இருந்தால் இந்த வசதி கிடைக்காது. ஒரு மொழியின் கம்பைலருக்கு இன்னொரு மொழியின் அறிவிப்பைப் படிக்கத் தெரியாது. எண் இரண்டு இடங்களில் இருந்தே ஆகவேண்டும்.

ஒரு பக்கத்தில் எண்ணை மாற்றிவிட்டு மறுபக்கத்தை மறந்துவிட்டால் எந்தக் கம்பைலரும் குறை சொல்லாது. இரண்டு கோப்புகளும் தனித்தனியே பார்த்தால் பிழையற்றவை. நிரல் ஓடும்போதுதான், அதுவும் தவறு நடந்த இடத்துக்கு வெகு தொலைவில், விளைவு தெரியவரும். அதனால்தான் மென்பொருள் எழுதுவோர் இந்தச் சிறு விஷயத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கருவிகள் செய்துவந்திருக்கிறார்கள். கையால் இரு முறை எழுதுவது, ஒரு மூலத்திலிருந்து மற்றதை இயந்திரத்தால் உண்டாக்குவது, இரண்டும் சேரும் இடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது, வெளியே போன எண்ணை இனி மாற்றுவதில்லை என்று உறுதி கொடுப்பது என நான்கு வழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்தன. நான்கும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

பெயரில்லா எண்களின் காலம்

1957இல் வந்த ஃபோர்ட்ரானில் மாறிலிக்குப் பெயர் சூட்ட வழியில்லை. எண்ணை அப்படியே எழுத வேண்டும். அல்லது ஒரு மாறியில் போட்டு வைத்து, அதை யாரும் தொடமாட்டார்கள் என்று நம்ப வேண்டும். பெயருள்ள மாறிலியை அறிவிக்கும் பராமீட்டர் கூற்று ஃபோர்ட்ரான் 77இல்தான் தரத்துக்குள் வந்தது. வேறொரு கோப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் இன்க்லூட் வசதியைப் பல நிறுவனங்களின் கம்பைலர்கள் முன்பே தந்தன. தரத்தில் அது இடம்பெற்றது ஃபோர்ட்ரான் 90இல்.

வணிகக் கணினிகளின் மொழியான கோபால் இந்தத் தேவையை முன்னதாகவே உணர்ந்திருந்தது. ஒரு பதிவின் அமைப்பைத் தனிக் கோப்பில் எழுதி, வேண்டிய நிரல்களிலெல்லாம் காப்பி என்ற கூற்றால் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் கோப்புக்குக் காப்பிபுக் என்று பெயர் நிலைத்தது. ஒரு புலத்தில் எந்த எழுத்து வந்தால் என்ன பொருள் என்பதை 88 என்ற நிலை எண்ணோடு பெயரிட்டு எழுதலாம். கணக்கு நடப்பில் இருக்கிறது, மூடப்பட்டது, முடக்கப்பட்டது என்ற நிலைகளுக்கு ஓரெழுத்துக் குறியீடுகள் இப்படித்தான் பெயர் பெற்றன.

கோபால் நிரல்களுக்குள் இது நன்றாகவே நடந்தது. அதே பதிவை வேகத்துக்காக அசெம்பிளியில் எழுதிய நிரலும் படிக்க வேண்டியிருந்தபோது சிக்கல் தொடங்கியது. ஐபிஎம் மெயின்ஃப்ரேம் அசெம்பிளியில் பதிவின் அமைப்பை டீசெக்ட் என்ற பகுதியாக எழுதுவார்கள். கோபால் காப்பிபுக்கில் ஒரு புலம் கூடினால் அசெம்பிளி டீசெக்டிலும் அது கூட வேண்டும். பிஎல்/1 நிரலும் இருந்தால் அதன் இன்க்லூட் கோப்பிலும் கூட வேண்டும். மூன்றையும் சேர்த்துக் காப்பது ஊழியர்களின் நினைவாற்றலையும் அலுவலக ஒழுங்கையும் நம்பி நடந்தது.

மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967இல் உருவாக்கிய பிசிபிஎல் மொழியில் இரண்டு வசதிகள் சேர்ந்து வந்தன. கம்பைல் செய்யும்போதே மதிப்பு முடிவாகிவிடும் பெயருள்ள மாறிலி ஒன்று. அந்த அறிவிப்புகள் உள்ள கோப்பை உள்ளே வாங்கும் கெட் கட்டளை மற்றொன்று. பெயரிட்ட எண், அதைத் தாங்கும் பொதுக்கோப்பு என்ற இந்த இணைதான் பிற்காலத்தில் சி மொழியின் ஹெடர் கோப்பாக உலகெங்கும் பரவியது.

யூனிக்ஸின் இரு பக்கங்கள்

யூனிக்ஸ் முதலில் முழுவதும் அசெம்பிளியில் எழுதப்பட்டது. 1973இல் அதன் கெர்னல் சி மொழியில் மீண்டும் எழுதப்பட்டபோது, வன்பொருளை நேரடியாகத் தொடும் சிறு பகுதி மட்டும் அசெம்பிளியிலேயே தங்கியது. ஒரே கெர்னலுக்குள் இரண்டு மொழிகள் அக்கம்பக்கமாகக் குடியேறின. சி மொழியில் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் முன்செயலி சேர்ந்திருந்தது. ஆலன் ஸ்னைடர் வற்புறுத்தியதும், பிசிபிஎல், பிஎல்/1 மொழிகளில் கோப்பைச் சேர்க்கும் வசதி பயனுள்ளதாக இருந்ததும் அதற்குக் காரணங்கள் என்று டென்னிஸ் ரிச்சி பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் அதற்குத் தெரிந்தவை இரண்டே: கோப்பைச் சேர்ப்பது, பெயருக்குப் பதில் மதிப்பை இடுவது. மைக் லெஸ்க்கும் பின்னர் ஜான் ரைசரும் அதை விரிவாக்கினார்கள்.

1975இல் வெளியான ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் இந்த இரு பக்கங்களையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் எழுதிய விளக்கவுரையின் வழியே பல தலைமுறை மாணவர்கள் படித்த மூலநிரல் அது. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் யூசர் பிளாக் என்ற நினைவகத் துண்டு ஒன்று உண்டு. அதன் அளவு யூசைஸ் என்ற மாறிலி, மதிப்பு 16. அலகு 64 பைட் என்பதால் மொத்தம் 1024 பைட். சி பகுதிக்கான பாராம் ஹெடர் கோப்பில் இந்த 16 ஒரு முறை எழுதப்பட்டிருக்கிறது. பிடிபி-11/40 கணினிக்கான அசெம்பிளிக் கோப்பில் அதே பெயரோடு அதே 16 இன்னொரு முறை எழுதப்பட்டிருக்கிறது.

அசெம்பிளிக் கோப்பில் அந்த 16க்குப் பின்னால் ஒரு புள்ளி இருக்கிறது. யூனிக்ஸ் அசெம்பிளர் எண்களை எண்மானமாக, அதாவது எட்டின் அடிமானத்தில் வாசிக்கும். தசமம் என்று சொல்லத்தான் கடைசியில் புள்ளி. புள்ளியை விட்டுவிட்டால் மதிப்பு 14 ஆகிவிடும். அசெம்பிளிப் பகுதி கெர்னல் ஸ்டாக் எங்கே தொடங்குகிறது என்பதை இந்த எண்ணிலிருந்து கணக்கிடுகிறது. சி பகுதி முதல் ப்ராசஸின் அளவாக இதே எண்ணைக் குறித்துக்கொள்கிறது. ஒரு பக்கம் 16, மறுபக்கம் 14 என்றானால் கெர்னல் எழுந்திருக்கும்போதே இரண்டு பகுதிகளும் நினைவகத்தின் எல்லையைப் பற்றி வேறுவேறு கருத்தோடு ஓடத் தொடங்கும். அதைத் தடுத்தது எந்தக் கருவியும் அல்ல. இரண்டு கோப்புகளையும் நன்கு அறிந்த சிலர் ஒரே கூடத்தில் வேலை செய்தார்கள் என்பதே தடுப்பாக இருந்தது.

ஒரே ஹெடர், இரு வாசகர்கள்

கெர்னலைத் தொடுவோர் எண்ணிக்கை பெருகியபோது இந்த முறை தாங்கவில்லை. முதல் தீர்வு, சி முன்செயலியை அசெம்பிளிக்கும் பயன்படுத்துவது. முன்செயலிக்குச் சி மொழியின் இலக்கணம் தெரியாது. உரையை மாற்றுவது மட்டுமே அதன் வேலை. ஆகவே எந்த மொழியின் உரையையும் அதன் வழியே அனுப்பலாம். ஜிசிசி கம்பைலரில் இதற்கு ஒரு வழக்கம் நிலைத்தது. கோப்புப் பெயரின் பின்னொட்டு சிறிய 'எஸ்' என்றால் கோப்பு நேராக அசெம்பிளருக்குப் போகும். பெரிய 'எஸ்' என்றால் முதலில் முன்செயலிக்குப் போகும். ஒரே ஹெடர் கோப்பை இரண்டு மொழிகளும் வாசிக்க வழி பிறந்தது.

ஆனால் ஹெடரில் எண்கள் மட்டும் இருப்பதில்லை. சி மொழியின் ஸ்ட்ரக்ட் அறிவிப்புகளும் செயற்கூற்று அறிவிப்புகளும் அசெம்பிளருக்குப் புரியாதவை. அதனால் லினக்ஸ் கெர்னலில் அசெம்பிளி வாசிக்கும்போது மட்டும் உயிர்பெறும் ஒரு அடையாளப் பெயரை வைத்து, அந்தப் பகுதிகளை மறைத்துவிடுகிறார்கள். எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சி மொழியில் 1 என்ற எண்ணை நீண்ட, குறியற்ற முழுவெண்ணாகக் கருதவேண்டுமென்றால் அதன் பின்னால் இரண்டு எழுத்துகள் ஒட்ட வேண்டும். அசெம்பிளர்கள் அந்த ஒட்டை ஏற்பதில்லை. லினக்ஸில் இதற்கென்றே ஒரு சிறு மேக்ரோ இருக்கிறது: சி வாசிக்கும்போது எண்ணோடு ஒட்டைச் சேர்க்கும், அசெம்பிளி வாசிக்கும்போது வெறும் எண்ணை மட்டும் தரும். எக்ஸ்86 கணினியில் நினைவகப் பக்கத்தின் அளவு இப்படித்தான் எழுதப்படுகிறது: 1ஐ 12 பிட் இடம் இடப்பக்கம் நகர்த்தினால் 4096. அந்த 12 ஓரிடத்தில்தான் இருக்கிறது.

எழுதப்படாத எண்கள்

சில எண்களை எந்த மனிதரும் எழுதுவதில்லை. ஒரு ஸ்ட்ரக்டின் உள்ளே ஒரு புலம் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதைக் கம்பைலர் முடிவு செய்கிறது. சி நிரலில் புலத்தின் பெயரைச் சொன்னால் போதும். அசெம்பிளியிலோ 'தொடக்கத்திலிருந்து இத்தனையாவது பைட்' என்று எண்ணாகச் சொல்லியாக வேண்டும். நடுவில் ஒரு புலம் சேர்ந்தால் அதற்குப் பின்னுள்ள எண்களெல்லாம் நகரும். செயலி மாறினாலும், கெர்னலின் அமைவுத் தேர்வுகள் மாறினாலும் நகரும். கையால் எழுதி வைப்பது இங்கே நடைமுறைக்கே ஒவ்வாதது.

1980களின் பிஎஸ்டி யூனிக்ஸ் இதற்கு ஜென்அசிம் என்ற சிறு சி நிரலை வைத்திருந்தது. கெர்னலின் ஹெடர்களையெல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டு, வேண்டிய ஒவ்வொரு மதிப்பையும் அசெம்பிளிக்குப் புரியும் வரியாக அச்சிடுவதே அதன் வேலை. கெர்னலைக் கட்டுவதற்கு முன் இந்த நிரல் கட்டப்பட்டு, ஓடி, ஒரு கோப்பை உண்டாக்கும். அசெம்பிளிப் பகுதி அந்தக் கோப்பைச் சேர்த்துக்கொள்ளும். எண்ணின் உடைமை சி கம்பைலரிடம் போனது. அசெம்பிளிப் பக்கம் இனி எண்ணை எழுதுவதில்லை, பெற்றுக்கொள்கிறது.

இந்த முறையிலும் ஒரு குறை இருந்தது. ஒரு கணினியில் இருந்துகொண்டு வேறு வகைக் கணினிக்குக் கெர்னல் கட்டும் பழக்கம் பரவியதும், ஜென்அசிம் தவறான ஊரில் ஓடியது. கட்டும் கணினியில் நீள முழுவெண் 8 பைட், கெர்னல் போய்ச்சேரும் கணினியில் 4 பைட் என்றால் அச்சாகும் எண்கள் கட்டும் கணினிக்கு உரியவை. போய்ச்சேரும் கணினிக்குப் பொருந்தாதவை. நிரலை ஓட்டாமலேயே எண்ணைப் பெற வேண்டியிருந்தது. லினக்ஸ் கண்ட வழி இது: மதிப்புகளைக் கேட்கும் ஒரு சி கோப்பை இலக்குக் கணினிக்கான கம்பைலரிடம் கொடுத்து, அசெம்பிளி உரையோடு அதை நிறுத்திவிடுவது. அந்த உரையில் ஒவ்வொரு மதிப்பின் முன்னும் ஒரு கோடும் அம்புக்குறியும் அடையாளமாக விழும்படி கோப்பு எழுதப்பட்டிருக்கும். செட் என்ற உரைத்திருத்தக் கருவி அந்த வரிகளை மட்டும் பொறுக்கி ஹெடர் கோப்பாக மாற்றும். ஃப்ரீபிஎஸ்டி வேறொரு வழியில் போனது. மதிப்புகளை அணிகளின் அளவுகளாக ஆப்ஜெக்ட் கோப்பில் பொதிந்து, பெயர்ப்பட்டியலை வாசிக்கும் என்எம் கருவியால் அவற்றை வெளியே எடுத்தது.

பெயர் ஒன்று, எண் வேறு

கெர்னலுக்கு வெளியே வேறு வகைத் தொல்லை காத்திருந்தது. 1988இல் வந்த போசிக்ஸ் தரம் பிழைக் குறிகளின் பெயர்களை வரையறுத்தது. எண்களை இயங்குதளங்களின் விருப்பத்துக்கே விட்டது. 'இப்போது முடியாது, மறுபடி முயலுக' என்ற பிழை லினக்ஸில் 11, பிஎஸ்டியில் 35. சி நிரல்கள் எப்போதும் பெயரையே சொல்வதால் அவற்றுக்கு இதனால் பாதிப்பில்லை. சி ஹெடரைப் படிக்க முடியாத மொழிகளுக்குத்தான் இது வினையானது.

பெர்ல் நிரலர்கள் இதை நேரடியாகச் சந்தித்தார்கள். பிணையத்தில் இணைப்பு ஏற்படுத்த சாக்கெட்டின் வகையைச் சொல்ல வேண்டும். தொடர் ஓட்ட வகைக்கு 1, தனித்தனிப் பொதி வகைக்கு 2 என்பது பிஎஸ்டியின் வழக்கம். சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4 பிஎஸ்டி மரபில் வந்தது. அதன் மீது எழுதிய பெர்ல் நிரல்கள் பலவற்றில் 1 என்ற எண் நேராகவே பொறிக்கப்பட்டிருந்தது. அடுத்து வந்த சோலாரிஸ் 2 சிஸ்டம் ஃபைவ் மரபைச் சேர்ந்தது. அதில் இந்த இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தன. 1 என்று எழுதிய நிரல், தொடர் ஓட்டம் கேட்பதாக நினைத்துக்கொண்டு பொதி வகைச் சாக்கெட்டைக் கேட்டது. நிரலில் ஓரெழுத்தும் மாறாமல் அதன் பொருள் தலைகீழானது.

பெர்லுடன் வந்த எச்2பிஎச் என்ற கருவி சி ஹெடர்களைப் பெர்ல் கோப்புகளாக மொழிபெயர்க்க முயன்றது. 1994இல் வந்த பெர்ல் 5, சாக்கெட் என்ற மாட்யூலின் வழியே நிலையான தீர்வைத் தந்தது. அந்த மாட்யூலின் ஒரு பாதி சி மொழியில் இருக்கும்; அது ஒவ்வொரு கணினியிலும் அந்தக் கணினியின் ஹெடரோடு சேர்த்துக் கம்பைல் ஆகும்; பெர்ல் பக்கம் பெயரைக் கேட்டால் சி பக்கம் அவ்விடத்துக்குரிய எண்ணைத் தரும். பைதானின் சாக்கெட் மாட்யூலும் இதே முறையில் கட்டப்பட்டது. லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் டேவிட் பீஸ்லி 1995இல் தொடங்கிய ஸ்விக் என்ற கருவி இந்த வேலையைப் பொதுவாக்கியது. சி அறிவிப்புகளைக் கொடுத்தால் செயற்கூறுகளோடு மாறிலிகளையும் ஸ்கிரிப்ட் மொழிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

விண்டோஸ் உலகில் நெடுங்காலம் கைவேலையே நீடித்தது. விஷுவல் பேசிக்குடன் ஒரு பெரிய உரைக்கோப்பு வரும். விண்டோஸின் செயற்கூறுகளும் மாறிலிகளும் பேசிக் மொழியில் அதில் எழுதப்பட்டிருக்கும். ஏபிஐ வியூவர் என்ற சிறு நிரலில் தேடி, வேண்டியதை நகலெடுத்துத் தன் நிரலில் ஒட்டிக்கொள்வது வழக்கம். சாளரத்தை மூடச்சொல்லும் செய்தியின் எண் 16 என்பது இப்படி எண்ணற்ற நிரல்களுக்குள் நகலாகிப் பரவியது. 2021இல்தான் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் ஹெடர்களை எந்த மொழியும் வாசிக்கத்தக்க மெட்டாடேட்டாவாக வெளியிட்டு, சி#, ரஸ்ட் போன்ற மொழிகளுக்கான அறிவிப்புகளை அதிலிருந்து இயந்திரம் உண்டாக்கும்படி செய்தது.

மூன்றாவது மொழி

இதுவரை சொன்ன வழிகளில் எண்ணின் சொந்த வீடு சி மொழிதான். மற்ற மொழிகள் அங்கிருந்து வாங்கிக்கொண்டன. இரண்டு நிரல்கள் வேறுவேறு கணினிகளில் ஓடி, பிணையத்தின் வழியே பேசத் தொடங்கியபோது இந்த ஏற்பாடு போதவில்லை. எந்த நிரல்மொழிக்கும் சொந்தமில்லாத, அறிவிப்பதற்கு மட்டுமேயான மூன்றாவது மொழி தேவைப்பட்டது.

சன் நிறுவனத்தின் எக்ஸ்டிஆர் அப்படிப்பட்டது. 1987 ஜூனில் ஆர்எஃப்சி 1014ஆக வெளியான அதன் வரையறையில் மாறிலியை அறிவிக்கத் தனிக் கூற்றே உண்டு. ஆர்பிசிஜென் என்ற கருவி அந்த அறிவிப்பிலிருந்து சி ஹெடரையும் தரவைப் பொதியும் நிரலையும் உண்டாக்கும். பிணையக் கோப்பு முறையான என்எஃப்எஸ் இதன் மேல் கட்டப்பட்டது. அதன் நிரல் எண் 100003.

என்எஃப்எஸ் வரலாற்றில் பாடமாகும் ஒரு நிகழ்வு உண்டு. அதன் இரண்டாம் பதிப்பு பிழை எண்களைப் பெரும்பாலும் பிஎஸ்டியிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. கோப்பின் பிடி காலாவதியானது என்பதற்கு 70. பெயர் மிக நீளம் என்பதற்கு 63. பிஎஸ்டி கணினிகள் தமக்குள் பேசும்போது பிணையத்தின் எண்ணும் உள்ளூர் எண்ணும் ஒன்றே என்பதால் மாற்றித் தர எதுவும் தேவைப்படவில்லை. லினக்ஸில் இதே பிழைகள் 116, 36 ஆகும். அதனால் லினக்ஸின் என்எஃப்எஸ் பகுதியில் பிணைய எண்ணை உள்ளூர் எண்ணாக்கும் அட்டவணை ஒன்று வைக்க வேண்டியதாயிற்று. உடன்படிக்கையின் எண் வேறு, ஒரு கணினியின் உள்ளெண் வேறு. தற்செயலாக ஒன்றாக இருந்தாலும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக்கூடாது என்பதை அந்த அட்டவணை காட்டுகிறது.

1991இல் வந்த கோர்பா தரத்தின் ஐடிஎல், ஃபேஸ்புக் 2007இல் வெளியிட்ட த்ரிஃப்ட், கூகுள் 2008இல் வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ் ஆகியவை இதே வழியில் வந்தவை. ஒரு அறிவிப்புக் கோப்பை எழுதினால் சி++, ஜாவா, பைதான் எனப் பல மொழிகளுக்கும் பெயர்களும் எண்களும் ஒரே நேரத்தில் பிறக்கும். வரைகலைத் துறையில் க்ரோனோஸ் அமைப்பு ஓபன்ஜிஎல், வல்கன் ஆகியவற்றின் மாறிலிகள் அனைத்தையும் எக்ஸ்எம்எல் கோப்பாகப் பராமரிக்கிறது. முக்கோணங்களை வரையச் சொல்லும் ஓபன்ஜிஎல் மாறிலியின் மதிப்பு 4. சி ஹெடரும் அந்தக் கோப்பிலிருந்து பிறக்கும் பிள்ளைதான், மூலமல்ல.

சேருமிடத்தில் சோதனை

உற்பத்தி செய்தால் மட்டும் போதாது. உற்பத்தியான கோப்பு பழையதாக இருக்கலாம். இரண்டு பாதிகளும் வேறுவேறு நாளில் கட்டப்பட்டுப் பிறகு ஒன்றுசேர்ந்திருக்கலாம். பைதானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பொறி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஃப்ரெட்ரிக் லுண்ட் எழுதி 2000இல் பைதானில் சேர்ந்த அதன் ஒரு பாதி பைதானில் இருக்கிறது. அது வடிவத்தைப் படித்து எண்களாலான கட்டளைத் தொடராக மாற்றும். மறுபாதி சி மொழியில் இருக்கிறது. அது அந்த எண்களைப் படித்துத் தேடலை நடத்தும். கட்டளை எண்களின் மூலம் பைதான் கோப்பு. அதிலிருந்தே சி ஹெடர் பிறக்கும். மாறிலிகளில் ஏதேனும் கூடினாலோ குறைந்தாலோ மாற்றவேண்டிய ஒரு தேதி எண்ணும் இரு பக்கமும் உண்டு, பைதான் 2.7இல் அது 20031017. மாட்யூல் ஏற்றப்படும்போது பைதான் பக்கம் தன் தேதியையும் சி பக்கத்தின் தேதியையும் ஒப்பிடும். பொருந்தாவிட்டால் பொருத்தமின்மை என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். ஒரு பதிப்பின் பைதான் தவறுதலாக வேறொரு பதிப்பின் நூலகக் கோப்புகளைப் பிடித்துக்கொண்டால், தவறான தேடல் விடை தந்து ஏமாற்றாமல் முதல் நொடியிலேயே உண்மையைச் சொல்லிவிடும்.

ஜாவாவில் இந்தப் பிரச்சினை ஒரே மொழிக்குள்ளேயே எழுந்தது. கம்பைல் செய்யும்போதே மதிப்பு தெரிந்த மாறிலியை, பயன்படுத்தும் கிளாஸ் கோப்புக்குள் ஜாவா கம்பைலர் நகலெடுத்து வைத்துவிடும். மொழியின் வரையறையே அப்படிச் சொல்கிறது. நூலகத்தில் எண்ணை மாற்றி நூலகத்தை மட்டும் மறுபடி கம்பைல் செய்தால், அதைப் பயன்படுத்தும் நிரலில் பழைய எண்ணே ஓடிக்கொண்டிருக்கும். சி மொழியோடு சேரும் இடத்துக்கு ஜாவாஎச் என்ற கருவி ஜாவா கிளாஸிலிருந்து சி ஹெடரை உண்டாக்கி, மாறிலிகளையும் அதில் எழுதித் தந்தது. 2018இல் ஜாவா 10இல் அந்தக் கருவி நீக்கப்பட்டபோது அதன் வேலை கம்பைலருக்குள்ளேயே இடம் பெற்றிருந்தது.

ரஸ்ட் மொழியின் லிப்சி தொகுப்பு கைவேலையையும் சோதனையையும் இணைத்திருக்கிறது. சி நூலகத்தின் மாறிலிகளும் ஸ்ட்ரக்ட் அமைப்புகளும் அதில் பெரும்பாலும் கையால் எழுதப்பட்டவை. ஒரு சோதனைக் கருவி அந்த அறிவிப்புகளைப் படித்து, அதே பெயர்களைக் கேட்கும் சி நிரல் ஒன்றை உண்டாக்கி, உண்மையான ஹெடர்களோடு கம்பைல் செய்து, இரு பக்கத்து மதிப்புகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது.

மாற்றாமல் இருப்பது

பிரதிகள் எங்கெங்கு இருக்கின்றன என்றே தெரியாத நிலை வந்துவிட்டால் உற்பத்தியும் உதவாது, சோதனையும் உதவாது. அப்போது எஞ்சும் ஒரே வழி, எண்ணை மாற்றாமல் இருப்பது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் 1972 மே மாதமே ஜான் போஸ்டல் பொதுச் சேவைகளுக்கான சாக்கெட் எண்களை ஓரிடத்தில் ஒதுக்கித் தர வேண்டும் என்று முன்மொழிந்தார். ஒதுக்கிய எண்களின் பட்டியல் பல ஆண்டுகள் ஆர்எஃப்சி ஆவணங்களாக வெளிவந்தது. 1994இன் ஆர்எஃப்சி 1700 அந்த வரிசையில் கடைசி. பின்னர் பட்டியல் இணையத் தரவுத்தளமாயிற்று. மின்னஞ்சலுக்கு 25, வலைக்கு 80 என்பவை இன்று எத்தனை மொழிகளில் எத்தனை நிரல்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணி முடியாது.

லினக்ஸின் சிஸ்டம் கால் எண்களும் அப்படித்தான். 'எழுது' என்ற அழைப்பு 32 பிட் எக்ஸ்86இல் 4, 64 பிட்டில் 1. ஒவ்வொரு கட்டமைப்புக்குள்ளும் கொடுத்த எண் கொடுத்ததுதான். புரோட்டோகால் பஃபர்ஸில் நீக்கிய எண்ணை மறுபடி யாரும் எடுத்துவிடாதபடி 'ஒதுக்கப்பட்டது' என்று குறிக்க மொழியிலேயே சொல் உண்டு.

இந்த வகையில் மிகப் பெரிய பொது மாறிலி அட்டவணை யூனிகோட். அதன் அருமை தமிழர்களுக்கு அனுபவத்தில் தெரியும். 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் எழுத்துகளுக்கு வேறுவேறு எண்களைக் கொடுத்திருந்தன. அனுப்பியவரின் எழுத்துரு பெறுபவரிடம் இல்லையென்றால் கடிதம் குறியீட்டுக் குவியலாக வந்து சேரும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாப், டாம் குறியேற்றங்களைத் தரமாக்கியது அந்தக் குழப்பத்தை அடக்கத்தான். யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அ 2949, க 2965. கொரிய எழுத்துகள் 1996இல் இரண்டாம் பதிப்பில் இடம் மாற்றப்பட்டன. அதற்குப் பின், ஒதுக்கிய எழுத்தை நகர்த்துவதோ நீக்குவதோ இல்லை என்று யூனிகோட் உறுதி கொடுத்திருக்கிறது.

எண் மாறாவிட்டாலும் அட்டவணை வளரும். வளர்ச்சியை எல்லா மொழிகளும் ஒரே நாளில் பெற்றுக்கொள்வதில்லை. ஶ என்ற எழுத்து 2005இல் யூனிகோட் 4.1இல் 2998ஆம் இடத்தில் சேர்ந்தது. 2006இல் வந்த பைதான் 2.5 யூனிகோட் 4.1ஐப் பின்பற்றியது. அதே ஆண்டு வந்த ஜாவா 6 யூனிகோட் 4.0இலேயே நின்றது. ஒரே உரையைப் பைதானில் சோதித்தால் ஶ எழுத்து. ஜாவாவில் சோதித்தால் ஒதுக்கப்படாத வெற்றிடம். 2011இல் ஜாவா 7 யூனிகோட் 6.0க்கு வந்த பிறகே இரண்டும் இந்த எழுத்தில் ஒத்துப்போயின. பழைய எண்கள் மாறுவதில்லை என்ற உறுதி இருந்தாலும், எந்தப் பதிப்பின் அட்டவணை என்பதும் பொது மாறிலிகளில் ஒன்றாகவே காக்கப்பட வேண்டும்.

இன்றைய நடைமுறை

இன்று ஒரு வலைச் செயலியில் வழங்கி நிரல் ஒரு மொழியிலும் உலாவி நிரல் ஜாவாஸ்கிரிப்டிலும் இருப்பது இயல்பு. தரவுத்தளத்தில் கையாளும் குறியீடுகள் மூன்றாவது பிரதி. ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் 16 என்ற எண்ணுக்கு நேர்ந்தது இங்கேயும் நேர்கிறது. தேர்ந்தெடுக்க வழிகள்தான் அதிகம். இரு பக்கமும் ஒரே குழுவின் கையில் இருந்து எண்கள் நாலைந்து மட்டும் என்றால், இரு முறை எழுதிவிட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சோதனையை வைத்தால் போதும். எண்கள் பலவாகி அடிக்கடி மாறுபவை என்றால், இரண்டு மொழிக்கும் பொதுவான அறிவிப்புக் கோப்பிலிருந்து உற்பத்தி செய்வதே முறை. இரு பாதிகளும் தனித்தனியே வெளியிடப்படுபவை என்றால், சேருமிடத்தில் பதிப்பை ஒப்பிடுவதைத் தவிர்க்க முடியாது. எண் பொதுவெளிக்குப் போய்விட்டதென்றால் அதை மாற்றும் உரிமை எழுதியவரிடம் இல்லை. புதிய பொருளுக்குப் புதிய எண்தான் கொடுக்க வேண்டும். எந்த வழியைக் கொண்டாலும், மூலப் பிரதி எது, அதிலிருந்து பிறந்தது எது என்பதை இரு கோப்புகளின் தலைப்பிலும் எழுதிவைப்பது அடுத்து அவற்றைத் திருத்த வருபவருக்குச் செய்யவேண்டிய குறைந்தபட்சக் கடமை.